ஒன்பது ஜோடிகள்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் அரைப்புள்ளி. முற்றுப்புள்ளி வைத்து எழுந்து போகவேண்டிய இடத்தில், "இன்னும் ஒரு விஷயம் இருக்கு" என்று மறுபடி உட்கார்ந்துகொள்கிறவர் என்பதால் வந்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அரைப்புள்ளியைச் சரியான இடத்தில் வைக்க அந்தக் கட்டிடத்தில் வேறு யாருக்கு வரும்?

தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி அது. கீழே கொட்டகையில் நாள் முழுக்கப் பம்புகளைத் தொட்டியில் இறக்கி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். மேலே மூன்றாவது மாடியில் கடிதப் பிரிவு: நான்கு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம், தரை வழியாகக் காலுக்கு ஏறிவரும் பம்பின் அதிர்வு. வெளிநாட்டிலிருந்து வரும் புகார்களுக்கும் விசாரிப்புகளுக்கும் ஆங்கிலத்தில் பதில் போகவேண்டும். அரைப்புள்ளி அங்கே பத்தொன்பது வருடமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஆங்கிலம் அவருக்குத் தானாக வந்ததில்லை. ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கிக் கட்டியது. அந்தச் செங்கல்லெல்லாம் ஒரு நோட்டில் இருந்தன. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்து, பழகினால் வேறு வேறு ஆளாக இருக்கும் ஆங்கிலச் சொற்கள், ஜோடி ஜோடியாக நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் எண், தமிழில் விளக்கம், ஓர் உதாரணம். அஃபெக்ட், எஃபெக்ட் என்ற ஜோடிக்கு எதிரே, "முதலாவது அடி, இரண்டாவது வீக்கம்" என்று எழுதியிருப்பார். கான்டினுவல், கான்டினுவஸ் என்ற ஜோடிக்கு, "முதலாவது மாமியார் திட்டு, நடுவில் சாப்பாட்டுக்கு நேரம் விடுவாள். இரண்டாவது வாஷர் போன குழாய்." பம்பு விற்கிறவனுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். விட்டு விட்டு ஓடவேண்டிய பம்பை விடாமல் ஓடும் என்று எழுதிக் கொடுத்தால், ஆறாம் மாதம் புகைந்துபோன மோட்டாரோடு புகார் வந்து நிற்கும்.

அந்த நோட்டை அவர் யாருக்கும் இரவல் தரமாட்டார். ஆனால் கேட்டவர்களுக்கு இல்லை என்றும் சொல்லமாட்டார். கைப்பட ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கடைசிப் பக்கங்களில் வரும் சொற்பட்டியலை எழுதிவிடுவார். அப்போதுதான் எத்தனை தாள் வெட்டவேண்டும் என்று தெரியும். அப்புறம் உள்ளே ஜோடிகள். எல்லாம் முடிந்தபின் மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டிச் சரிபார்த்தபடியே, பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பக்க எண் போடுவார். கடைசியில் நூல் கோத்துத் தைத்து, பழுப்புத்தாள் அட்டை. இப்படிப் பதினோரு பிரதி கொடுத்திருந்தார். ஒன்றில்கூட ஒரு பிழை கிடையாது.

பன்னிரண்டாவது பிரதியைக் கேட்டவள் தபாலம்மா.

அவள் கீழே தபால் பகுதியில் உறை ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஆறு வருடத்துக்கு முன் மாடிக்கு வந்தவள். பதவி மாறினாலும் பெயர் மாறவில்லை, பழக்கமும் மாறவில்லை. யார் கடிதக் கட்டைக் கொடுத்தாலும், பட்டியலை ஒரு கையில் பிடித்து, உறைகளை மறு கையால் தள்ளி, எண்ணிக் குறி போட்டுத்தான் வாங்குவாள். அரைப்புள்ளி கொடுப்பதை மட்டும் எண்ணமாட்டாள்.

"எண்ணிப் பாத்துக்கோம்மா" என்பார் இவர்.

"உங்க கட்டை எண்ணினா என் விரலுக்குத்தான் பாவம்ணே" என்பாள் அவள்.

பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப் போகிறார் என்றதும், மேலாளர் ஒரு பரீட்சை வைப்பதாக அறிவித்தார். நாற்பது ஜோடிச் சொற்கள். வித்தியாசத்தைத் தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதவேண்டும். யார் அதிகம் வாங்குகிறார்களோ அவர்தான் தலைவர். இரண்டே பேர்தான் பெயர் கொடுத்தார்கள்: அரைப்புள்ளி, தபாலம்மா.

அவள் நேராக அவரிடமே வந்தாள். "அண்ணே, உங்களோட போட்டி போட உங்ககிட்டயே நோட்டு கேக்கறேன். வெக்கமாத்தான் இருக்கு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க."

"இதுல என்னம்மா இருக்கு? நாலு நாள்ல தரேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதை அவர் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டார்: சொன்னபோது மனதில் கள்ளம் இல்லை.

முதல் சாயங்காலம் சொற்பட்டியலை எழுதினார். இரண்டாவது சாயங்காலம் ஐம்பத்தேழாவது ஜோடி வரை வந்தார். மூன்றாம் நாள் மதியம்தான் அது நடந்தது. மேலாளர் மாடிக்கு வந்தவர், விளையாட்டாக இருவரையும் நிறுத்தி நாலு ஜோடி கேட்டார். இவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, "அது வந்து, இரண்டு விதமா..." என்று ஆரம்பிப்பதற்குள் தபாலம்மா நாலுக்கும் பட்பட்டென்று பதில் சொல்லிவிட்டாள்.

"என்ன சார், தங்கச்சி உங்களை ஏறக்கட்டிடுவாங்க போலிருக்கே!" என்று மேலாளர் சிரித்தார். தபாலம்மா வெட்கப்பட்டாள். அரைப்புள்ளியும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் வாய் அப்படியே கொஞ்சநேரம் திறந்திருந்ததை அவரே உணர்ந்தார்.

அன்று சாயங்காலம் ஐம்பத்தெட்டாவது ஜோடியில் பேனா நின்றது.

ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்தாறு வரை இருந்தவை நோட்டிலேயே கடினமான ஒன்பது. இம்ப்ளை, இன்ஃபர் அங்கேதான் இருந்தன: ஒருவர் சொல்லாமல் சொல்வது, மற்றவர் சொல்லாததைப் புரிந்துகொள்வது. டிஸின்ட்ரஸ்டட், அனின்ட்ரஸ்டட் அங்கேதான் இருந்தன. இவற்றைப் புரிந்துகொள்ள அவருக்கு வருடங்கள் ஆகியிருந்தன. அவர் மூல நோட்டின் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார். அறுபத்தேழாவது ஜோடியைப் பார்த்து, பிரதியில் ஐம்பத்தெட்டு என்று எண் போட்டு எழுதத் தொடங்கினார். கையெழுத்து வழக்கம்போல முத்து முத்தாகவே வந்தது. அதுதான் பிறகு அவருக்கு அருவருப்பாக இருந்தது.

நூற்று மூன்றோடு முடிந்தது. விரல் ஓட்டிச் சரிபார்க்கும் வேலையை மட்டும் அவர் செய்யவில்லை. பார்த்தால் கண் அந்த இடத்தில் போய் நிற்குமே! அப்படியே தைத்து, அட்டை போட்டு, மறுநாள் காலை கொடுத்துவிட்டார். தபாலம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. பரீட்சையன்று வினாத்தாளை விரித்ததும் அவர் முதலில் தேடியது அந்த ஒன்பதைத்தான். ஆறு வந்திருந்தன. எதிர் மேசையில் தபாலம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் இருக்க அவர் மின்விசிறியைப் பார்த்தார். மின்விசிறி சுற்றுவதே அவரைக் குறை சொல்வதுபோல இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பாவது, அவருக்கு நெஞ்சில் எறும்புப் புற்றே இருந்தது.

இரண்டு நாள் கழித்து மேலாளர் முடிவைச் சொன்னார். "சார் முப்பத்தெட்டு. அம்மா முப்பத்தொண்ணு. ஒம்பது போச்சு. இருந்தாலும் ரொம்ப நல்ல முயற்சி."

ஒன்பது என்ற சொல் காதில் விழுந்ததும் அரைப்புள்ளி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

தபாலம்மாதான் முதலில் வந்து வாழ்த்தினாள். "நியாயமா கெடைச்சுதுண்ணே. உங்க நோட்டு மட்டும் இல்லேன்னா நான் முப்பதைத் தாண்டியே இருக்கமாட்டேன்."

"சரிம்மா, சரிம்மா" என்றார்.

வீட்டில் அவர் மனைவி சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கணவர் கூடத்துக்கும் வாசலுக்கும் எட்டாவது தடவை நடந்தபோது, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "பதவி கெடைச்ச மூஞ்சியா இது? பல்லு புடுங்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

அவர் சொல்லிவிட்டார். ஒன்றுவிடாமல், வரிசைப்படி, எண் போட்டு. முடிவில் கணக்கையும் சேர்த்தார். "ஆனா பாரு, ஒம்பதுல ஆறுதான் பரீட்சைல வந்துது. முப்பத்தொண்ணும் ஆறும் முப்பத்தேழு. அந்த ஆறையும் அவ எழுதியிருந்தாலும் நான் ஒண்ணு கூடுதல். அப்போ என்னால அவளுக்கு நஷ்டம் எதுவும் இல்ல, இல்லையா?"

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க? நானா பரீட்சை எழுதினேன்?"

"இல்ல, கணக்குப்படி..."

"கணக்கு அவ்வளவு சரியா இருந்தா அவகிட்டயே போய்ச் சொல்லுங்க. நல்லா இருந்தா அவளும் சந்தோஷப்படுவா." சட்டையை உதறி அவர் மடியில் போட்டாள். "இந்தாங்க. தலைவர் போட்டுக்கற சட்டை."

ஒன்றாம் தேதி பிரிவுத் தலைவரின் அலமாரிச் சாவி அவர் கைக்கு வந்தது. இரண்டாவது தட்டில் பழைய ஒப்பந்தங்களுக்கு மேலே பரீட்சைத் தாள்கள் இருந்தன. மூன்று நாள் அந்த அலமாரியைத் திறக்காமலே வேலை பார்த்தார்; ஒப்பந்தம் தேவைப்பட்டபோதெல்லாம் நினைவிலிருந்து எழுதினார். நாலாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில், எல்லாரும் கீழே இறங்கிய பிறகு, திறந்தார்.

அவளுடைய தாளை எடுத்து அந்த ஆறு இடங்களையும் தேடினார். முதலாவது சரி. இரண்டாவது சரி. ஆறும் சரி!

அவரால் நம்பமுடியவில்லை. விளக்கங்கள் அவருடையவை அல்ல. டிஸின்ட்ரஸ்டட், அனின்ட்ரஸ்டட் என்பதற்கு எதிரே அவள் எழுதியிருந்தாள்: "முதலாவது, எந்தக் கட்சிக்கும் சொந்தக்காரராக இல்லாத ஆட்ட நடுவர். இரண்டாவது, ஆட்டம் நடக்கும்போது தூங்கிவிட்ட நடுவர்." அவர் நோட்டில் இருந்ததைவிட அது நன்றாக இருந்தது.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். தான் பறித்துவிட்டதாக நினைத்தது எதுவும் பறிபோகவில்லை. எங்கேயோ முன்பே படித்திருக்கிறாள். அவள் விட்ட ஒன்பது வேறு ஒன்பது; சாதாரணச் சொற்கள், நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருப்பவை. அது அவள் பாடு. இப்போது அவளிடம் விஷயத்தை வேடிக்கை போலக்கூடச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லி, சிரித்து, ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிடலாம்.

தபாலம்மா முதலில் மேலே வந்தாள். கையில் ஈரம் துடைத்தபடி மேசைக்குப் போனவளை அவர் கூப்பிட்டார்.

"அந்தக் கஷ்டமான ஜோடியெல்லாம் பிரமாதமா எழுதியிருக்கேம்மா. நடுவர் உதாரணம் ரொம்ப நல்லா இருக்கு. எங்க படிச்சே?"

அவள் முகம் மலர்ந்தது. "அதுவா! சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லலண்ணே. நோட்டோட கடைசிப் பட்டியல்ல பக்க நம்பர் இல்லல்ல? தேட வசதியா இருக்கட்டும்னு ஒக்காந்து பென்சில்ல நானே போட்டேன். ஒம்பது ஜோடிக்கு மட்டும் பக்கமே கெடைக்கல. பட்டியல்ல இருக்கு, உள்ள இல்ல."

அரைப்புள்ளி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வேலை அவசரத்துல ரெண்டு தாள் சேர்ந்து பெரண்டிருக்கும்னு தெரிஞ்சுது. உங்ககிட்ட கேட்டா, 'பதினோரு பிரதில வராத தப்பு இதுல வந்துடுச்சே'ன்னு ராத்திரி தூங்கமாட்டீங்க. அதான், வேலை முடிஞ்சு நேரா நூலகத்துக்குப் போனேன். பெரிய அகராதி அங்கதான் இருக்கு. வீட்டுக்குத் தரமாட்டாங்க. எட்டு சாயங்காலம் ஆச்சு. ஒவ்வொண்ணும் மூணு புத்தகத்துல பாத்தாத்தான் பிடிபட்டுது." அவள் சிரித்தாள். "அதுல என்ன ஆச்சுன்னா, நோட்டோட கடைசி இருபது பக்கத்தை ஒழுங்கா படிக்க நேரமில்லாம போச்சு. போன ஒம்பதும் அங்க இருந்ததுதான். சரி விடுங்க, நூத்துப் பன்னண்டு எழுதற கைக்கு ஒம்பது விட்டுப்போறது ஒரு தப்பா?"

கீழே கொட்டகையில் பம்பு ஒன்று ஓடி நின்றது. தரையின் அதிர்வு அடங்கியது.

முப்பத்தொன்றும் ஒன்பதும் நாற்பது. அவருடையது முப்பத்தெட்டு. மனைவியிடம் போட்ட கணக்கு பொலபொலவென்று உதிர்ந்தது. இதோ, தப்பிக்கும் கதவை அவளே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "ஆமாம்மா, அவசரம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவும் மூடிக்கொள்ளும், காலம் முழுக்க அண்ணனாகவும் இருக்கலாம். அந்த வார்த்தை அவர் நாக்கின் நுனிவரை வந்தது.

"விட்டுப் போகலம்மா" என்றார். "நான் விட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "என்னண்ணே?"

"ரெண்டு தாளையும் நான்தான் சேத்துப் பெரட்டினேன். மேலாளர் அன்னிக்கு அப்படிச் சொன்னாரே, அன்னிக்குச் சாயங்காலம். நீ ஜெயிச்சுடுவேன்னு பயந்துபோய்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. விருந்தாளி போனபிறகும் வாசலில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு மாதிரி கொஞ்சநேரம் இருந்து, பிறகு அணைந்தது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

"எட்டு சாயங்காலம்ணே" என்றாள். குரல் உயரவில்லை. "என் சின்னவ அந்த எட்டு நாளும் பக்கத்து வீட்டுப் படியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதினா. அவங்கப்பா கேட்டாரு, 'அண்ணன் நோட்டுதான் குடுத்துட்டாரே, இன்னும் என்ன நூலகம்'னு. உங்களை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு அவர்கிட்டகூட நான் சொல்லல. எனக்கே பொழுது போகலேன்னு பொய் சொன்னேன்."

"நான் மேலாளர்கிட்ட போய்ச் சொல்லிடறேம்மா. இந்தப் பதவி எனக்கு வேண்டாம். மறுபடி பரீட்சை..."

"எதுக்கு?" என்று அவள் வெட்டினாள். "முப்பத்தெட்டு நீங்க வாங்கினது. முப்பத்தொண்ணு நான் வாங்கினது. அந்த இருபது பக்கத்தையும் படிச்சிருந்தா நாப்பது வாங்கியிருப்பேனா? எனக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இனிமே எத்தனை பரீட்சை வெச்சாலும் தெரியாது. அதைத்தான் நீங்க எடுத்துட்டீங்க. பதவியை இல்ல."

படிக்கட்டில் மற்றவர்கள் பேசிக்கொண்டே ஏறிவரும் சத்தம் கேட்டது. அவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து, தட்டச்சு இயந்திரத்தில் தாள் வைத்தாள்.

அவர் மேலாளரிடம் போனார். போகாமல் இருக்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் கேட்டுவிட்டு, தோளில் தட்டினார். "என்ன சார் நீங்க! போட்டிக்கு நிக்கறவங்களுக்கு நூத்து மூணு சொல்லிக் குடுத்திருக்கீங்க. வேற எவன் குடுப்பான்? அதுவும் அந்த ஆறையும் அவங்க சரியாத்தானே எழுதியிருக்காங்க. போங்க, போய் வேலையைப் பாருங்க." திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதற்கும் வழியில்லாமல் மறுபடி மூன்று மாடி ஏறினார்.

மறுநாள் மூல நோட்டையே கொண்டுவந்து, ஜன்னலோரப் பொது மேசையில் வைத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு துண்டுத்தாளும் ஒட்டினார். கணக்குப் பிரிவு ஆட்கள்கூட வந்து புரட்டினார்கள், மாமியார் திட்டைப் படித்துச் சிரித்தார்கள். தபாலம்மா அந்த மேசைப் பக்கம் போகவில்லை.

நாலு மணிக்கு அன்றைய கடிதங்கள் கையெழுத்துக்குத் தயாராயின. அவள் கொண்டுவந்து வைத்தாள்.

"கையெழுத்து போடணும், சார்."

அடுத்த மேசைக்காரர் தலையைத் தூக்கினார். "பாத்தீங்களா! நேத்துவரைக்கும் அண்ணன், சாவி கைக்கு வந்ததும் சார் ஆயிட்டாரு!" எல்லாரும் சிரித்தார்கள். பதவிக்குக் கொடுக்கிற மரியாதை என்று அவர்களுக்குப் பட்டது. அரைப்புள்ளியும் சிரிக்கவேண்டியிருந்தது.

ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். உறைகளில் போட்டு, பட்டியலோடு கட்டி நீட்டினார். வழக்கமாகச் சொல்லும் "எண்ணிப் பாத்துக்கோம்மா" அன்று வரவில்லை.

அவள் கட்டை வாங்கினாள். அங்கேயே, அவர் எதிரிலேயே, நாடாவை அவிழ்த்தாள். ஒரு கையில் பட்டியல், மறு கையில் உறைகள். ஒன்று, ஒரு குறி. இரண்டு, ஒரு குறி. பேனாவை மூடவும் தோன்றாமல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று.

"சரியா இருக்கு, சார்" என்று சொல்லிவிட்டு நாடாவைக் கட்டிக்கொண்டு போனாள்.